சம்பவ இடத்தில் இல்லாதவன்

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் உள்ள ஓர் உருக்காலையில், கூரையை ஒட்டி ஓடும் கிரேனின் கண்ணாடி அறைக்குள் அமர்ந்து, கொதிக்கும் இரும்புக் குழம்பைக் கொப்பரையில் ஏந்தி உலையிலிருந்து அச்சுக்குக் கொண்டுசேர்ப்பது மதனின் தொழில். கீழே நடமாடும் மனிதர்கள் அவன் கண்ணுக்கு மஞ்சள் தொப்பிகளாக மட்டுமே தெரிவர். அந்தத் தொப்பிகளில் ஒன்றின்மீதும் ஒரு பொறிகூடச் சிந்தாதபடி கொப்பரையை நகர்த்துவதில் அவனுக்கு நிகர் அவனே என்று, எவரையும் எளிதில் மெச்சாத மேற்பார்வையாளர்களும் ஒப்புக்கொள்வர். அத்தகையவனை ஒரு திங்கட்கிழமைக் காலையில் ஆலையின் வாயிலிலேயே நிறுத்திவிட்டார்கள்.

"உன் பாஸு லாக் ஆயிருக்கு மதன். டைம் ஆபீஸுல போய்க் கேளு," என்றார் காவலாளி.

"இன்னாத்துக்கு லாக்கு?"

"எனுக்கு இன்னா தெரியும்? செவப்பு எரியுது. பச்ச எரிஞ்சா உள்ள உடுவேன். அவ்ளோதான் எனுக்குக் குடுத்த வேல."

பணியாளர் அலுவலர் வெங்கட்ரமணன் திருவள்ளூரை அடுத்த மணவாள நகர்க்காரர். பொழுது புலருமுன் புறப்பட்டு, ரயில் மாறி ரயில் ஏறி வந்து சேர்பவர் ஆதலின், காலை வேளையில் அவருடைய முகத்தில் திருமண்ணைத் தவிர வேறொன்றும் தெளிவாக இராது. அன்றைக்கு அதுவும் சற்றுக் கலைந்திருந்தது. அவர் மதனை நாற்காலியில் அமரச் சொன்னார். ஒப்பந்தத் தொழிலாளர் எவரையும் அவர் அந்த நாற்காலியில் அமரச் சொன்னதில்லை என்பதால், செய்தி நல்லதன்று என்பதை மதன் அப்பொழுதே உணர்ந்துகொண்டான்.

"உங்க போலீஸ் வெரிஃபிகேஷன் காலாவதி ஆயிடுத்துன்னு புதுசாப் போட்டோமில்லையா? ரிப்போர்ட் வந்துடுத்து."

"வந்துச்சா சார்? அப்பறம் இன்னா?"

"போன தடவ சுத்தமா வந்தது. இந்தத் தடவ உங்க பேர்ல ஒரு கேஸ் இருக்குன்னு வந்திருக்கு. சாலை மறியல், அரசு பஸ்ஸுக்குச் சேதம்."

மதன் சிரித்துவிட்டான். "ஆள் மாத்திப் போட்டுட்டாங்க சார். எங்க ஊர்ல மட்டும் நாலு மதன் கீறாங்க."

"சங்குமேட்டுக்குப்பம், துலுக்காணம் மகன் மதன்னு போட்டிருக்கு. நாலு மதனுக்கும் துலுக்காணம்தான் அப்பாவா?"

மதனின் சிரிப்பு அடங்கியது. வெங்கட்ரமணன் மறியல் நடந்த தேதியைத் தம் கணினியில் தட்டிப் பார்த்தார். திரையை அவன் பக்கமாகத் திருப்பி, விரலால் ஒரு வரியைத் தொட்டுக் காட்டினார். முந்தைய ஆண்டின் ஐப்பசி மாதத்து நாள் அது. அன்றைக்கு மதன் விடியலில் ஆலைக்குள் நுழைந்திருந்தான். மாற்று ஆள் வாராமையால் அடுத்த ஷிப்டையும் சேர்த்துப் பார்த்துவிட்டு, இருட்டிய பின்னரே வெளியேறியிருந்தான். நுழைந்ததற்கும் வெளியேறியதற்கும் அவனுடைய விரல் ரேகையே சாட்சி.

"அப்போ முடிஞ்சுபோச்சே சார். நான் அங்க இல்ல, இங்க இருந்தேன்."

"எனக்கு முடிஞ்சுபோச்சு. நான் நம்பறேன். ஆனா சான்றிதழ்ல நான் எழுத முடியாதே, அவா இல்லையா எழுதணும்." அவர் குரலைத் தாழ்த்தினார். "அடுத்த மாசம் ஆடிட் வர்றது. சான்றிதழ் சரியா இல்லாத ஆள் ஒருத்தர்கூட உள்ள இருக்கக் கூடாதுன்னு மேல இருந்து உத்தரவு. இந்த மாசக் கடைசி வரைக்கும் உங்களை லீவுன்னு காட்டறேன். அதுக்குள்ள பேரை எடுத்துண்டு வந்துடுங்கோ."

"எடுக்கலன்னா?"

வெங்கட்ரமணன் திரையை மீண்டும் தம் பக்கமாகத் திருப்பிக்கொண்டார். "கிரேனுக்கு ஆள் இல்லாம நிறுத்திவைக்க முடியாது மதன்," என்றார்.

பொன்னேரி வரை ரயிலிலும் அங்கிருந்து பழவேற்காட்டுப் பேருந்திலும் பயணம் செய்த நேரம் முழுவதும், மதன் ஒரே கேள்வியை மனத்துக்குள் உருட்டிக்கொண்டிருந்தான். மறியல் நடந்த செய்தி அவனுக்குத் தெரியும். முகத்துவாரம் தூர்ந்து படகு போக வழியில்லாமற்போனதைக் கண்டித்து ஊரார் பெருஞ்சாலையில் அமர்ந்ததும், ஒரு பேருந்தின் முன்கண்ணாடி நொறுங்கியதும் அவன் கேள்விப்பட்டவையே. ஆனால் அந்தக் கூட்டத்துக்குள் தன் பெயர் எப்படிப் போய்ச் சேர்ந்தது என்பதுதான் விளங்கவில்லை.

விளக்கம் அவனுடைய வீட்டு வாசலிலேயே பிளாஸ்டிக் நாற்காலியில் அமர்ந்து நாஷ்டா தின்றுகொண்டிருந்தது. அவனுடைய தந்தை துலுக்காணம், மகன் நேரங்கெட்ட நேரத்தில் திரும்பி வருவதைக் கண்டு இட்டிலித் தட்டைக் கீழே வைத்தார்.

"இன்னாடா, கம்பெனி லீவா?"

"நைனா, போன வருஷ மறியல் கேஸுல எம்பேரு கீதாமே. உனுக்குத் தெரியுமா?"

துலுக்காணம் விரல்களில் ஒட்டியிருந்த சட்டினியை ஒவ்வொன்றாகச் சூப்பி முடித்தார். பிறகு, மறைப்பதற்கு ஒன்றுமில்லாதவர் போலத் தலையை ஆட்டினார்.

"தெரியாம இன்னா? நான்தான குடுத்தேன்."

சங்குமேட்டுக்குப்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஊர் திரண்டு செய்த காரியத்துக்கு ஊரே பொறுப்பு என்பதால், வழக்கு என்று வந்துவிட்டால் குற்றம் செய்தவர் யார் என்று காவலர்கள் வீடு வீடாகத் தேடுவதில்லை. ஊர்த் தலைவரான நாட்டாரும் பஞ்சாயத்தாரும் சேர்ந்தே பெயர்களைக் கொடுத்துவிடுவர். முன்பெல்லாம் செய்தவர்களின் பெயர்களையே கொடுத்து வந்தார்கள். அவர்களில் சிலர் தண்டனை பெற்றுச் சிறை சென்று, மெலிந்து திரும்பிய பின்னர் பஞ்சாயத்தாருக்கு ஒரு யோசனை பிறந்தது. சம்பவ இடத்தில் இருந்தவனுடைய பெயரைக் கொடுத்தால் குற்றம் நிலைத்துவிடும். இல்லாதவனுடைய பெயரைக் கொடுத்தால், தான் இல்லாதிருந்ததை அவன் எளிதில் மெய்ப்பித்துவிடுவான்; நீதிமன்றம் வழக்கைத் தள்ளிவிடும்; எவருக்கும் ஒரு கேடும் வாராது. அன்று முதல், அந்த ஊரில் எந்த வழக்கு வந்தாலும், அந்த நேரத்தில் வெளியூரில் வேலையில் இருந்தவர்களின் பெயர்களாகப் பார்த்துப் பொறுக்கிக் கொடுப்பதே முறையாயிற்று. அந்த முறையை வகுத்தவர்கள் தங்களைத் தாங்களே மெச்சிக்கொண்டார்கள். மெச்சிக்கொள்வதற்கு அதில் இடமும் இருந்தது.

"ஊரு கூடி, வேலைக்குப் போன பசங்க யார் யாருன்னு கேட்டாங்க. நான்தான் எழுந்து சொன்னேன். எம்புள்ள அன்னிக்குக் கம்பெனில கீறான், வெரல் வச்சிட்டுதான் உள்ளயே போவான், அத்தனையும் கம்ப்யூட்டர்ல ஏறியிருக்கும், ஜட்ஜு ஒரு பார்வ பாத்தாலே தூக்கிப் போட்டுடுவாருன்னு. நாட்டாரே சொன்னாரு, துலுக்காணம் புள்ளைக்கு இருக்கற மாதிரி சாட்சி எவனுக்கும் இல்லன்னு."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னியா?"

"சொன்னா ஒத்துக்கினு இருப்பியா?"

கதவருகில் நின்று கேட்டுக்கொண்டிருந்த மதனின் மனைவி ஹேமாவதி, தட்டை எடுப்பதற்காகக் குனிந்தவள், குனிந்தபடியே சொன்னாள்: "கம்ப்யூட்டர்ல ஏறியிருக்கும்னு சொன்னீங்க இல்ல மாமா? ஏறிடுச்சி. எறங்க மாட்டேங்குது."

 தம் மகனுக்கு நன்மை செய்துவிட்டதாகவே துலுக்காணம் இத்தனை நாளும் நம்பியிருந்தார். அந்த நம்பிக்கையை ஒரே காலைப் பொழுதில் கைவிட அவருக்கு மனம் வரவில்லை.

"மத்த பசங்க பேரும்தான் இருக்குது. எவனாச்சும் பேஜாரு பண்றானா?" என்று முணுமுணுத்தார்.

மற்றவர்கள் கேரளத்து விசைப்படகுகளிலும் சென்னை ஓட்டல்களிலும் உழைப்பவர்கள். அவர்களிடம் எவரும் சான்றிதழ் கேட்பதில்லை.

மறுநாள் மதன் காவல் நிலையத்துக்குச் சென்றான். நிலையத்தின் ரைட்டர் ஆசீர்வாதம், ஊர்களையும் ஊர்களுக்கிடையே உள்ள பகைகளையும் நன்கறிந்தவர். ஓய்வு பெறும் காலத்தை நெருங்கியவர். எவர் மீதும் கோபம் கொள்வது தம் உடம்புக்கு ஆகாது என்று மருத்துவர் சொன்னதை முழு மனத்துடன் ஏற்றுக்கொண்டவர் போல, எல்லாவற்றையும் இனிமையாகவே பேசினார். மதன் ஆலையில் வாங்கி வந்திருந்த வருகைப் பதிவின் நகலை நீட்டியபோது, அவர் அதைப் படிக்கவே இல்லை.

"இத்த நீ காட்டவே வேணாம் தம்பி. நீ அங்க இல்லன்னு எனக்குத் தெரியும். உங்க ஊர்ல ஒருத்தன் பேர் குடுத்தா, அவன் அந்த எடத்துல இல்லன்னு அர்த்தம். நான் வேலைக்கு வந்த நாள்ல இருந்து இதான் நடக்குது."

"அப்போ எடுத்துடுங்க சார்."

"நான் எடுக்கறதா? கோர்ட்ல காட்டணும்."

"கோர்ட்டுக்கு எப்போ கூப்புடுவாங்க?"

"குத்தப்பத்திரிகை போட்டாக் கூப்புடுவாங்க."

"அத்த எப்போ போடுவீங்க?"

"எப்டிப் போடறது? பேர் குடுத்தவன் ஒருத்தன்கூட அங்க இல்லியே. இல்லாதவன் மேல போட்டா ஜட்ஜு என்னத் திட்டுவாரு."

"அப்போ கேஸ மூடிடுங்க."

"கண்ணாடி ஒடைஞ்சிருக்கே தம்பி. அரசாங்க பஸ்ஸு. ஒடச்சவன் இல்லாம எப்டி மூடறது?" ஆசீர்வாதம் வருத்தத்தோடுதான் சொன்னார். தேநீர் கொண்டு வந்தவனிடம் இன்னொரு கோப்பை வாங்கி மதனின் பக்கம் தள்ளினார். "குடி. வக்கீலப் பாத்தியா?"

பொன்னேரியில் ஒரு வழக்கறிஞரை அவன் முந்தைய நாள் மாலையிலேயே பார்த்திருந்தான். உயர் நீதிமன்றத்தில் மனுப் போட்டு வழக்கையே நீக்கலாம் என்றும், ஆனால் அது முறைப்படி நடந்து முடியப் பல மாதங்கள் ஆகும் என்றும் அவர் சொல்லியிருந்தார். கிரேன் அத்தனை மாதங்கள் அவனுக்காகக் காத்திருக்காது.

"ஒண்ணு செய்யலாம்," என்றார் ஆசீர்வாதம், கோப்பையின் விளிம்பைப் பார்த்தபடி. "அன்னிக்கு அங்க இருந்தவன் எவன்னு சொல்லு. வாயால சொன்னாப் பத்தாது, காட்டணும். இருந்தவன் ஒருத்தன் வந்துட்டான்னா, இல்லாதவன் பேரு தன்னால உதுந்துடும். பாரம் எறங்கிடும் இல்ல?"

மதன் தேநீரைக் குடிக்காமலே எழுந்தான். அன்று பேருந்தின் கண்ணாடியை உடைத்தவன் யார் என்பது அவனுக்கு மட்டுமன்று, குப்பத்தில் அனைவருக்கும் தெரியும். அவன் ஹேமாவதியின் தம்பி வசந்தகுமார். பேருந்தின் முன்தடுப்பின்மீது ஏறி நின்று, துடுப்பால் ஓங்கி அடித்து, அடித்த கையோடு கூட்டத்தைப் பார்த்துச் சிரித்ததைத் தோழன் ஒருவன் கைப்பேசியில் படம் பிடித்திருந்தான். அந்தக் காணொளியை வசந்தகுமார் தானே நண்பர் குழுவில் போட்டதோடு, தன் அக்காளுக்கும் அனுப்பி வைத்திருந்தான். ஹேமாவதி அதைப் பார்த்து அவனை வாய்க்கு வந்தபடி ஏசிவிட்டு, அழிக்காமல் வைத்திருந்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கங்கையம்மன் கோயிலின் முன் ஊர் கூடியது. மதன் பஞ்சாயத்தாரின் முன் கைகட்டி நின்று, நடந்தவற்றை ஒன்றும் விடாமல் எடுத்துரைத்தான். ஊர் தன் பெயரைக் கொடுத்ததைப்போலவே, ஊரே அதைத் திரும்பப் பெறவேண்டும் என்றும், அன்றைக்கு அங்கே இருந்தவர்களில் ஒருவர் முன்வந்து, கண்ணாடியை உடைத்தது தாம்தான் என்று சொன்னால் தன் வேலை பிழைக்கும் என்றும் கேட்டுக்கொண்டான். அவன் எவருடைய பெயரையும் கூறவில்லை. கூறாவிடினும், பல கண்கள் வசந்தகுமாரின் பக்கம் போய்த் திரும்பின.

நாட்டார் அன்புசெல்வன் மணலில் ஒரு கோடு கிழித்து, அதை அழித்து, மீண்டும் கிழித்தார்.

"யாராச்சும் வரீங்களா?" என்று கேட்டார். கேட்ட விதமே, எவரும் வரவேண்டியதில்லை என்று சொல்வது போலிருந்தது.

வசந்தகுமார் எழுந்து நின்றான். மதனின் நெஞ்சு ஒரு கணம் லேசாயிற்று.

"மாமா, நான் போவேன், போவமாட்டேன்னு சொல்லல. ஆனா அடுத்த மாசம் துறைமுகத்துல லாரி யார்டுல சேரச் சொல்லியிருக்காங்க. எனுக்கும் வெரிஃபிகேஷன் குடுத்திருக்கேன். இந்த நேரம் பாத்து நான் போய்ச் சொன்னா, நீ உள்ள போவ, நான் வெளிய வருவேன். அதுக்கு நீயே வெளிய இருந்துட்டுப் போ. ஒரே ஊட்டுல ரெண்டு பேரு எதுக்கு அலையணும்?"

கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. வசந்தகுமாரும் சிரித்தான், அவன் எப்பொழுதும் சிரிப்பவன்தான்.

"உனுக்குப் பொஞ்சாதிகூட இல்ல மச்சான்," என்றான் மதன். "எனுக்குப் புள்ள கீது."

"அதான் சொல்றேன் மாமா. உனுக்கு எல்லாம் ஆயிடுச்சி. எனுக்கு இனிமேதான்."

அன்புசெல்வன் கையை உயர்த்திச் சிரிப்பை அடக்கினார். மதனை ஊர் கைவிடாது என்றும், அவன் விரும்பினால் அவனுக்கு வலையில் ஒரு பங்கு ஒதுக்கப்படும் என்றும் அறிவித்தார். படகு கடலுக்குப் போக வழியில்லாமையால்தான் ஊரே சாலையில் அமர்ந்தது என்பதை எவரும் நினைவூட்டவில்லை. பிறகு அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு அடுத்த செய்திக்குப் போனார். பக்கத்துக் குப்பத்தாரின் வலை சென்ற வாரம் அறுக்கப்பட்டதாகப் புகார் வந்திருந்தது. காவல் நிலையத்தில் அதற்கும் ஒரு பெயர் கேட்டிருந்தார்கள்.

"புதுசா ஒருத்தன் பேரக் கெடுக்கறதுக்கு எனுக்கு மனசு வரல," என்றார் அன்புசெல்வன். "மதன் பேரு ஏற்கெனவே ஏறிடுச்சி. இன்னொரு தபா ஏறுனா அவனுக்கு இன்னா கொறஞ்சிடப் போவுது? கேஸ் முடியும்போது ரெண்டும் ஒண்ணா முடிஞ்சிடும். யாராச்சும் மாத்துக் கருத்து சொல்றீங்களா?"

எவரும் சொல்லவில்லை. அது நியாயமாகவே எல்லாருக்கும் பட்டது. மதன் தன் தந்தையைத் தேடினான். துலுக்காணம் கூட்டத்தின் ஓரத்தில், வேட்டி நுனியைக் கையில் பிடித்தபடி, எழுவதா அமர்வதா என்று அறியாதவராக நின்றிருந்தார். மகனின் பார்வை தம்மீது விழுந்ததும், ஏதேனும் சொல்லியாக வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

"அன்னிக்கும் நீ டூட்டிலதான இருந்த?" என்று கேட்டார்.

அன்று மாலை, ஹேமாவதி குழாயடிக்குச் சென்றிருந்த வேளையில், மதன் அவளுடைய கைப்பேசியை எடுத்தான். காணொளியைத் தேட வேண்டிய அவசியமே இருக்கவில்லை. மைத்துனனின் சிரித்த முகம் தொட்டவுடன் வந்து நின்றது. அதை அவன் தன் கைப்பேசிக்கு அனுப்பி, தன்னுடையதிலிருந்து ஆசீர்வாதத்துக்கு அனுப்பினான். கொப்பரையைச் சிந்தாமல் சாய்க்கும் அதே கை, இந்த வேலையையும் நடுக்கமின்றிச் செய்து முடித்தது. அதுதான் அவனுக்கே வியப்பாக இருந்தது.

குடத்தை இறக்கி வைத்த ஹேமாவதி, கைப்பேசி இடம் மாறியிருப்பதைக் கண்டாள், எடுத்துப் பார்த்தாள்.

"இத்த எதுக்கு எடுத்த?"

அவன் தன் கைப்பேசியைச் சட்டைப் பைக்குள் போட்டான்.

"ரைட்டருக்கா?"

"ஆமா."

ஹேமாவதி நனைந்த முந்தானையைப் பிழிந்தாள். அதில் இருந்த நீர் முழுவதும் வடிந்த பின்னும் பிழிந்துகொண்டே இருந்தாள். வசந்தகுமாரை இடுப்பில் சுமந்து வளர்த்தவள் அவள். அவள் கத்துவாள், தலைவிரித்து அழுவாள், தாய் வீட்டுக்குப் போய்விடுவாள் என்றெல்லாம் மதன் எதிர்பார்த்திருந்தான். அவள் கேட்டது வேறு.

"உன் பேரு போய்டுமா?"

"போய்டும்னாரு."

"அப்போ போவட்டும். அவனுக்கு வேற வேல கெடைக்கும், வயசு கீது." சற்றுப் பொறுத்து, குரல் இறங்க, "நீ குடுத்தன்னு அவனுக்குத் தெரிய வேணாம்," என்றாள். குடத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

அந்த வாரம் கழிவதற்குள் மதன் மீண்டும் நிலையத்துக்குச் சென்றான். ஆசீர்வாதம் அவனைக் கண்டதும் நாற்காலியை இழுத்துப் போட்டார். அந்த நாற்காலியைக் கண்டு அவன் எச்சரிக்கை அடைந்திருக்கலாம்.

"நல்ல வீடியோ தம்பி. மூஞ்சி பளிச்சுனு தெரியுது. இன்ஸ்பெக்டர் பாத்துட்டு ரொம்ப சந்தோசப்பட்டாரு. பையன் பேர ஏத்தியாச்சு."

"என் பேரு சார்?"

"இருக்கு. உங்க ஊரு குடுத்த வலை கேஸுலயும் இருக்கு."

"உதுந்துடும்னு சொன்னீங்களே."

"உதுரும். கேஸு நடந்து முடிஞ்சா உதுரும். இப்போ ஒடச்சவன் கெடச்சிட்டான், குத்தப்பத்திரிகை போடலாம். முன்ன வழியே இல்லாம இருந்தது, இப்போ வழி பொறந்திருக்கு. கோர்ட்டு நம்பர் ஆகும், வாய்தா வரும், உன் முற வரும்போது உன் கம்பெனிப் பேப்பரக் காட்டு, விட்டுடுவாங்க."

"எப்போ சார் வரும்?"

ஆசீர்வாதம் விரல்களை மடக்கிக் கணக்கிட முயன்று, பாதியில் கைவிட்டார். "பேரு சேக்கறது என் கைல கீது தம்பி. எடுக்கறது என் கைல இல்ல. அத்த நான் உனுக்கு அன்னிக்கே சொன்னேன்."

அவர் அன்றைக்குச் சொன்னதில் முதற்பகுதி அதுதான் என்பது உண்மை. தேநீர் வந்த பிறகு அவர் சொன்னதையே மதன் நினைவில் வைத்திருந்தான். இனி அதைச் சொல்லிச் சண்டையிடுவதற்கும் ஏதுமில்லை. சண்டையிட்டாலும், தம் உடம்புக்கு ஆகாத கோபத்தை அவர் கொள்ளமாட்டார்.

மாதத்தின் இறுதி நாளில் மதன் கும்மிடிப்பூண்டிக்குச் சென்றான். வெங்கட்ரமணன் அவனுடைய கையில் ஏதேனும் காகிதம் இருக்கிறதா என்று முதலில் பார்த்தார். இல்லை என்று கண்டபின் முகத்தைப் பார்த்தார். பாஸை வாங்கி மேசையின் இழுப்பறைக்குள் வைத்தார். கேஸ் முடிந்ததும் தம்மிடமே நேராக வரவேண்டும் என்றும், தாம் இருக்கும் வரை அவனை மறக்கப்போவதில்லை என்றும் சொன்னார். சொன்னதில் பொய் இல்லை. வாயிலுக்கு வெளியே நின்று பார்த்தால் உலைக்கூடத்தின் திறந்த பக்கம் தெரியும். கிரேன் நகர்ந்துகொண்டிருந்தது. புதியவனின் கை இன்னும் படியவில்லை, கொப்பரை ஊசலாடிற்று. கீழிருந்த மஞ்சள் தொப்பிகள் சிதறி ஓடி, பின்பு மெல்ல மீண்டும் கூடின. மதன் ரயிலுக்கு நடந்தான்.

அவன் வீடு வந்து சேர்ந்தபோது, வசந்தகுமார் அவனுக்காகக் காத்திருந்தான். முதன்முறையாக அவனுடைய முகத்தில் சிரிப்பைக் காணவில்லை. ஹேமாவதி தம்பிக்குக் காபி கொடுத்துவிட்டு, சுவரில் சாய்ந்து, இருவரையும் பார்க்கத் தக்கதோர் இடத்தில் நின்றுகொண்டாள்.

"கேள்விப்பட்டியா மாமா? ஸ்டேஷன்ல இருந்து ஆள் வந்துச்சி. எவனோ வீடியோவக் குடுத்துட்டான். நம்ம குரூப்புல இருந்தவங்கள்ல எவனோ ஒருத்தன். லாரி யார்டுல இருந்து போன் வருது, பேப்பரு எங்க, பேப்பரு எங்கன்னு. நான் இன்னாத்த சொல்ல?"

"நாட்டாரப் பாத்தியா?"

"பாத்தேன். இருந்தவன் பேரு எப்டிப் போச்சின்னு அவருக்கே புரியல. இதுவரைக்கும் இந்த மாதிரி ஆனதில்லன்றாரு." காபியை ஒரு மிடறு குடித்துவிட்டு, அவன் குரலைத் தாழ்த்தினான். "உங்கிட்ட ஒண்ணு கேக்கணும்னுதான் வந்தேன். இந்த ஊர்ல இதுல பழக்கப்பட்ட ஆளு நீ ஒருத்தன்தான. அன்னிக்கு கோயிலாண்ட உன்னக் கிண்டல் பண்ணேன், அத்த மனசுல வச்சிக்காத."

"வச்சிக்கல. கேளு."

"ரைட்டர் ஒரு வழி சொன்னாரு. என்னோட சேந்து அன்னிக்கு நின்னவன் எவன்னு காட்டிக் குடுத்தா, என் பேரு தன்னால உதுந்துடுமாம். என்னப் படம் புடிச்சான் பாரு, அவனேகூட கல்லெடுத்துப் போட்டான். எங்கிட்ட அதுக்கு வேற வீடியோ கீது. குடுக்கறதுக்கு மனசு வரல, ஆனா வேலைய நெனச்சா..." அவன் மதனின் முகத்தை நேராகப் பார்த்தான். "உங்கிட்டயும் இதே மாதிரி சொன்னாரா மாமா? குடுத்தா எடுத்துடுவாரா?"

உதிராது என்று சொல்ல மதன் வாயெடுத்தான். சொன்னால், அது உனக்கு எப்படித் தெரியும் என்பதுதான் மைத்துனன் கேட்கப்போகும் அடுத்த கேள்வி. ஹேமாவதி கணவனையே நோக்கி நின்றாள். சொல் என்றோ, சொல்லாதே என்றோ அவள் கண்கள் ஒன்றையும் காட்டவில்லை. முடிவை முழுவதுமாக அவனிடமே விட்டிருந்தாள்.

"எங்கிட்ட ஒண்ணும் சொல்லல மச்சான்," என்றான் மதன். "அவரு சொன்னார்னா செய்வாரு. போய்ப் பாரு."

வசந்தகுமார் பெருமூச்சு விட்டான். தோளிலிருந்து ஒரு சுமை இறங்கியவன் போல எழுந்து, டம்ளரை அக்காளிடம் கொடுத்தான். அவள் அதை வாங்கினாள். அவன் முகத்தைப் பார்க்காமலே வாங்கினாள்.

"எப்போ போனா இருப்பாரு மாமா?"

"காலைல போ," என்றான் மதன். "காலைல நல்லா பேசுவாரு."